நெடுந்தொடர் நேயர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் பிறகு இதைப் படிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆண்டு விழா நடந்தது. வசனகர்த்தா ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம், நன்றாகப் பேசினார். மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம். பழைய பதிவுகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது.

அப்புறம், இந்த ஆண்டு முழுக்க என் நேரத்தை எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். நாம் எல்லோரும் பார்க்கும் தொடரின் மூத்த நடிகையின் தரப்பிலிருந்து, விருதுக்கு எந்த எபிசோடுகளை அனுப்பலாம் என்று சங்கத்திடம் யோசனை கேட்டிருந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வரும் தொடர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 250 எபிசோடுகள், எந்தக் காட்சி எந்த நாளில் வந்தது என்பது நடித்தவருக்கே நினைவிருக்காது, ஆனால் நம்மிடம் தேதி போட்டுக் குறித்துவைத்த பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் நம்மைத் தேடி வர வைத்தது. விதி எளிமையானது. ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் ஒளிபரப்பான இரண்டு எபிசோடுகள், முழுசாக, நடுவில் எதையும் வெட்டாமல்.

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. சினிமாவில் ஒரு படம் பார்த்தால் அந்த நடிப்பை முழுசாகப் பார்த்தாயிற்று. நெடுந்தொடரில் நடுவர் பார்ப்பது நாம் நீட்டும் துண்டை மட்டும்தான். அமெரிக்காவில் பகல்நேரத் தொடர்களுக்கென்று 1974 முதல் டேடைம் எம்மி விருது தருகிறார்கள், அங்கேயும் நடுவர்கள் முன்னால் போவது நடிகர் சார்பில் பொறுக்கி அனுப்பப்படும் காட்சிகள்தான். 'ஆல் மை சில்ட்ரன்' தொடரில் எரிக்கா கேனாக நடித்த சூசன் லூச்சி 1978-ல் முதல் தடவை பரிந்துரைப் பட்டியலில் வந்தார். கையில் விருது வந்தது 1999-ல், பத்தொன்பதாவது பரிந்துரையில். தினமும் பார்த்தவர்களுக்கு அவர் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் நடுவர்கள் இல்லை, அவ்வளவுதான். அதே தொடரில் இரட்டைச் சகோதரர்களாக நடித்த டேவிட் கேனரி ஐந்து முறை வாங்கினார். ஒரே ஆள் இரண்டு பேராக மாறி நிற்பதைப் புரிந்துகொள்ள முன்கதை தேவையில்லை என்பது என் கருத்து.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கேட்டது நீதிமன்ற எபிசோடை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நம் நடிகை திரையில் இருக்கும் நேரம் குறைவு, பாதி நேரம் சுற்றியிருப்பவர்களின் அதிர்ச்சி முகங்கள்தான் ஒவ்வொன்றாக வருகின்றன, மகன் உண்மையைச் சொல்லும் இடத்தில் நடிப்பு மகனுடையது, இவர் கதறும்போது பின்னணி இசை குரலையே மூடிவிடுகிறது. அந்த மகன் வளர்ப்பு மகன் என்பது தெரியாதவருக்கு எதற்குக் கதறுகிறார் என்றே புரியாது. "நான் அழுதுட்டேன்" என்று பலர் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அன்று நாம் அழுதது மூன்று வருடமாக அவரைத் தெரியும் என்பதால். நடுவருக்கு அவரை முக்கால் மணி நேரம்கூடத் தெரியாது.

நான் முன்வைத்தது துணி மடிக்கும் எபிசோடை. கணவர் ஊரிலிருந்து வந்து, போன இடத்தைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டே "சரி", "ஓ" என்று மட்டும் சொல்கிறார். ஒரு சட்டையை மடித்து வைத்தவர் அதையே திரும்ப எடுத்துப் பிரித்து, காலரை நீவி, மறுபடி மடிக்கிறார். கை மட்டும் கொஞ்சம் மெதுவாகிறது. அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நமக்கும் தெரிந்துவிடுகிறது. இசை கிடையாது, கண்ணீர் கிடையாது, முன்கதையும் வேண்டாம். இதற்கு ஜோடியாக வேலைக்கான நேர்காணலுக்குப் போய் வயதைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்ளும் எபிசோடை வைத்தோம். அதில் அவர் சிரிக்க வைக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இந்த நடிகையால் என்னென்ன முடியும் என்பது விளங்கிவிடும். இரண்டு அழுகையை அனுப்பியிருந்தால் அவருடைய பாதித் திறமைதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இதுவரை வந்ததில்லை. விருது வேறொருவருக்குப் போனது. அதற்குப் பிறகுதான், செயலாளர் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்ற பேச்சு கிளம்பியது. இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சுற்றறிக்கை எல்லோருக்கும் போனது. கடைசித் தேதியைத் தள்ளியும் வைத்தோம். எந்தத் தேதி, எந்தக் காட்சி, ஏன் என்று மூன்றே கேள்விகள். திரும்பி வந்த படிவங்கள் மிகக் குறைவு, வந்ததிலும் சிலவற்றில் "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்பதோடு சரி. தேர்வுக் குழுவில் விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள் பலர், உட்கார்ந்து பார்க்க வந்தது அதே சிலர்தான். பார்க்காமலே ஓட்டுப் போட்டவரும் உண்டு. தேர்வு நடந்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு, முடிவு வந்ததும் குறை சொல்வது வந்து உட்கார்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதே நிலைமை மறுபடி வந்தாலும் துணி மடிக்கும் எபிசோடைத்தான் அனுப்பச் சொல்வேன்.

கணக்கு விஷயம். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன, பதிவுகளுக்கும் தபாலுக்கும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஆனது, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. இன்னும் சமாளிக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் சந்தாவை நேரத்துக்குக் கட்டியவர்கள். கட்டாதவர்களின் எண்ணிக்கை இந்த ஆண்டும் கூடியிருக்கிறது. அதில் இரண்டு ஆண்டுப் பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், பெயர் படிக்கப் போவதில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவருக்கும் நன்றி. குழுவில் கடைசி வரை வந்த அந்தச் சிலருக்குத் தனியாக நன்றி. அவர்கள் இல்லாமல் பட்டியல் போயிருக்காது.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். டிசம்பரில் உட்கார்ந்து ஜனவரி எபிசோடைத் தேடுவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. மாதத்துக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, வந்த அன்றே குறித்துவைத்தால்தான் முடியும். பன்னிரண்டு பேர் வேண்டும். பொறுப்பை ஏற்க வேறு யாராவது முன்வந்தால் குறிப்பேடுகளையும் ஹார்ட் டிஸ்க்கையும் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன், யாரும் வராவிட்டால் நானே தொடரத் தயார், ஆனால் பன்னிரண்டு பெயர்கள் இல்லாமல் தொடர மாட்டேன். படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே இருப்பார்.