வழிப்போக்கனே நில் என்கிறது கல்

நம் குமரி மாவட்டத்தின் பழஞ்சின்னங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். புலியூர்க்குறிச்சி கோட்டைக்குள் இருக்கும், டச்சுப் படையிலிருந்து வந்த தளபதி டிலனாயின் கல்லறை பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். முன்பு கொடுத்த மனுக்கள் உங்கள் கோப்பில் இருக்கும்.

போன மாதம் எட்டாவது படிக்கும் பேத்தியைக் கூட்டிப் போனேன். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றதையும், பிடிபட்ட டிலனாய் பிறகு இங்கேயே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனதையும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். கூரையில்லாத அந்தச் சிற்றாலயத்துக்குள் போனதும் கல்லறை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. தமிழைப் பார்த்ததும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். பழைய எழுத்து, தேய்ந்தும் போயிருக்கிறது; இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் ஓடவில்லை. "தாத்தா, தமிழ்தானே, எனக்கு ஏன் படிக்க வரல?" என்றாள்.

லத்தீன் வரி "வழிப்போக்கனே, நில்" என்று தொடங்குகிறது. ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையாகப் பணிசெய்து 1777 ஜூன் 1 அன்று இறந்தவர் இங்கே கிடக்கிறார் என்கிறது. நிற்கச் சொன்ன கல்லின் முன்னால் நின்றவளுக்கு அதை விளக்கும் ஒரு பலகை அன்று என் கண்ணில் படவில்லை.

கேட்பது அவ்வளவுதான். கல்வெட்டின் இரண்டு மொழி வரிகளையும் முழுதாக இன்றைய தமிழில் எழுதி ஒரு பலகை வையுங்கள். ஒரு அலுவலகத்தில் "இது எங்கள் பொறுப்பில் வராது" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்திலும் அதே பதில். மூட்டுவலியோடு மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டேன். யார் பொறுப்பு என்பதையாவது எழுத்தில் தரக்கூடாதா?

பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைக் கேரள அரசுதான் பார்த்துக்கொள்கிறது. அங்கே அறைக்கு அறை ஆள் நின்று விளக்கம் சொல்கிறார்கள். நம் கையில் இருப்பதற்கு ஒரு பலகைகூட வைக்க முடியாதா? எனக்கு மனசு கொதிக்கிறது.

சரி, கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து இன்னும் தேய்வதற்குள் கல்வெட்டைப் படியெடுத்து, அந்தத் தமிழ்ப் பலகையை வைத்துத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி மறுபடி வருகிறாள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்