பல்டி மட்டும் ஜிம்னாஸ்டிக்ஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பாலக்காடு செய்திகள் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வைக்கோல் போரிலிருந்து அந்தரத்தில் குட்டிக்கரணம் போடும் படத்தை வெளியிட்டு "நாளைய ஒலிம்பிக் வீரர்" என்று எழுதியிருந்தீர்கள். படம் பிரமாதம். ஆனால் மறுநாள் காலையில் மைதானத்தில் ஏழெட்டுப் பையன்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு "சார், பல்டி அடிச்சா ஒலிம்பிக் போயிரலாமா?" என்று கேட்டபோது எனக்குக் கவலையாகிவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் பல வருஷமாகப் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்களுக்கு ஆறு கருவிகள். ஒலிம்பிக் வரிசைப்படி சொன்னால் ஃப்ளோர் (தரை விரிப்பு), பாமல் ஹார்ஸ் (கைப்பிடி வைத்த குதிரை), ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்), வால்ட் (ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் மேடை), அப்புறம் நம் ஊரில் டபுள் பார், சிங்கிள் பார் என்கிறோமே அந்த இரண்டும். இந்தப் பையன்கள் அடிக்கும் பல்டிக்கு முழு வேலை இருப்பது 12 மீட்டருக்கு 12 மீட்டர் அளவுள்ள ஃப்ளோரில்தான். வால்ட்டிலும், ரிங்ஸிலிருந்தோ பாரிலிருந்தோ இறங்கும்போதும் அது உதவும். 2010 டெல்லி காமன்வெல்த்தில் நம் நாட்டு ஆஷிஷ் குமார் ஃப்ளோரில் வெண்கலமும் வால்ட்டில் வெள்ளியும் வாங்கினார், அதனால் பல்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஃப்ளோர், வால்ட் தவிர மற்றக் கருவிகளில் கையும் தோளும்தான் உடம்பைத் தாங்க வேண்டும், அதை வைக்கோல் போர் சொல்லித் தராது.

ரிங்ஸ் தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் தொங்கும். அதைப் பிடித்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, சிலுவை மாதிரி, குறைந்தது 2 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். கயிறு ஆடினாலே மதிப்பெண் போகும்.

என்னைக் கேட்டால் பாமல் ஹார்ஸ்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். குதிரை முதுகு மாதிரி இருக்கும், இரண்டு கைப்பிடி வைத்த அந்தக் கருவி மேல் கைகளை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, சேர்த்து நீட்டிய கால்களை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது. இதைப் பழக ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் பக்கெட்டை மேலேயிருந்து நீளமான கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குள் இரண்டு பாதத்தையும் வைத்துக்கொண்டு, கீழே ஒரு திண்டில் கைகளை ஊன்றிச் சுற்றுவது. எங்கள் பள்ளி வேப்பமரத்தில் அப்படி ஒரு பக்கெட் கட்டியிருக்கிறேன். நாலு பல்டி சேர்ந்தாற்போல் அடிக்கிற பையன் அதில் மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்!

மதிப்பெண் விஷயத்தையும் கொஞ்சம் எழுதுங்கள். பத்துக்குப் பத்து என்ற கணக்கு 2006-லேயே போய்விட்டது. இப்போது செய்கிற வித்தையின் கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்த நேர்த்திக்குப் பத்திலிருந்து கழித்துக்கொண்டே வரும் இன்னொரு மதிப்பெண், இரண்டையும் கூட்டுகிறார்கள். கீழே விழுந்தால் 1 முழுதாகப் போச்சு. இறங்கும்போது கால் பெரிதாகத் தள்ளிப்போனால் 0.3. பெண்கள் பிரிவிலும் அப்படித்தான். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் நம் நாட்டு தீபா கர்மாகர் வெண்கலத்தைத் தவறவிட்டது 0.150-ல், அதாவது கால் தள்ளிப்போனதற்குக் கழிக்கும் அந்த 0.3-ல் பாதி. இது தெரிந்தால்தான் "சும்மா குதிச்சா போதாது, அசையாம நிக்கணும்டா" என்று நான் கத்துவதன் அர்த்தம் பையன்களுக்குப் புரியும்.

வைக்கோலுக்கு அடியில் கல் கிடப்பது மேலே நிற்பவனுக்குத் தெரியாது. என் மாணவன் ஒருவன் அப்படித்தான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, பரீட்சையை இடது கையால் எழுதினான். ஒரு நல்ல மெத்தையும் டபுள் பாரும் கேட்டு நானும் அலையாத இடமில்லை. வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பையன்களும் சேர்ந்தே பயன்படுத்தலாம். அதைப் பற்றி உங்கள் நிருபர் ஒருமுறை வந்து பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். ஆறு கருவிகளின் படத்தையும் உயரம், அளவோடு தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். வாசகசாலைச் சுவரில் பையன்கள் கண்ணுக்கு நேராக ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு உடற்கல்வி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை