பாதை தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் பெரியம்மா, சித்தி, அண்ணன்மார் அனைவருக்கும், கோத்தகிரி தொடங்கி இமாசலம் வரை எனக்குக் கைகொடுத்த மற்றவர்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். மார்க்கெட் முக்கில் தம்பிகள் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸில் 'இமயத்தை வென்ற வீராங்கனை' என்று போட்டிருக்கிறது. இமயம் அப்படியேதான் இருக்கிறது. ஷிம்லாவில் புறப்பட்டுப் பல நாள் ஓடும் எம்டிபி ஹிமாலயா என்ற மலைச் சைக்கிள் பந்தயத்தை நான் முடித்தேன், அவ்வளவுதான். 2005இல் தொடங்கிய பந்தயம் அது. முன்வரிசையில் நிற்கிறவர்கள் கொடி அசைத்த கொஞ்ச நேரத்தில் புழுதியாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களைச் சாயங்காலம் கூடாரத்தில்தான் பார்க்க முடியும். நான் நடுவில் வந்தேன். ஆனால் எல்லா நாளும் புறப்பட்டேன், எல்லா நாளும் கோட்டைத் தொட்டேன். ஃபிளெக்ஸுக்குக் காசு போட்டவர்களுக்கு நன்றி. படத்தில் என் மூக்கை யாரோ கூராக்கியிருக்கிறார்கள், அவருக்கும் நன்றி.

யாரிடம் பயிற்சி எடுத்தாய் என்று ஷிம்லாவில் ஒருவர் கேட்டார். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நீங்களும் சிரிப்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டலாம் என்று நீங்கள் விட்டது நிபந்தனையோடுதான். சுமையோடு வருகிறவர்களுக்குத்தான் வழி; நான் இறங்கி, பள்ளத்துப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எடை போடும் நேரத்தில் அந்தப் பக்கமே வரக் கூடாது. பெருமழைக்குப் பிறகு பாதை காயும்வரை ஓட்டக் கூடாது. "நீ ஒரு வாட்டி போற தடம், மறு மழைக்கு ஓடையாயிரும் புள்ள. அப்புறம் அதுல மூட்டையோட எறங்குறது நாங்கதான்." இதைச் சொன்ன பெரியம்மா சைக்கிள் ஏறியதே இல்லை. ஈரத்தில் டயர் கீறிய கோட்டில் தண்ணீர் இறங்கி மண்ணை அரித்துக்கொண்டு போகும் என்பது மலைப்பாதை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் பாடம். எனக்கு அது லைன் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது.

கண்ணைத் தந்ததும் நீங்கள்தான். உங்கள் பின்னாலேயே நடந்து பார்த்தவள் நான். தலையில் மூட்டையோடு சரிவில் இறங்கும்போது யாரும் வளைவின் உள்பக்கம் மிதிப்பதில்லை, அங்கே தண்ணீர் அறுத்திருக்கும். சில்வர் ஓக் சருகு கனமாகக் கிடக்கிற இடத்தில் பாதத்தை நேராக வைப்பீர்கள், பக்கவாட்டில் திருப்ப மாட்டீர்கள். அடியில் வேர் இருந்தால் வழுக்கிவிடும். காலைத் தேடாமல் நாலு அடி தள்ளிப் பார்ப்பீர்கள். இதே மூன்றையும் சைக்கிளில் செய்தால் அதற்குப் பெயர் டெக்னிக். வேருள்ள இடத்தில் ஹேண்டிலைத் திருப்பாதே, பிரேக்கைத் தொடாதே, பார்வையைத் தூரத்தில் வை என்று பெரிய பெரிய ஆட்கள் வீடியோவில் விளக்குகிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

எங்கள் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். அவரைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் நட்ட டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனம்) தேயிலைக்கு நடுவில்தான் இந்தப் பாதைகள் விழுந்தன. எந்த வரைபடத்திலும் இவை கிடையாது. நடந்து நடந்து விழுந்த தடம்.

மேட்டுப்பாளையம் சைக்கிள் கடை அண்ணனுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். கோவை அக்கா ஒருவர் தன் பழைய ஹார்ட்டெயிலை (முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் உள்ள மலைச் சைக்கிள்), நான் கொடுக்க முடிந்த விலைக்குக் கொடுத்தார். (அக்கா, அது விலையே இல்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.) அதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அண்ணன் கடையில் அதுவரை பால்கார சைக்கிள், பள்ளிக்கூடத்தில் தரும் இலவச சைக்கிள், இவைதான் வரும். "ஹைட்ராலிக்தான? ஸ்கூட்டர்ல பாக்காததா?" என்று கையில் எடுத்தார். ஆனால் எண்ணெயை ஊற்றுவதற்கு முன்னால் நிறுத்தி, லீவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படித்தார். சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் ஃப்ளூயிட்; மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் உப்பிப் போய்விடும். ஸ்கூட்டருக்கு ஊற்றுவது டாட். என் பிரேக் மினரல். அந்த ஒரு நிமிட நிதானம் இல்லாவிட்டால் நான் ஷிம்லா வரைக்கும் போயிருக்க மாட்டேன்.

டியூப்லெஸ் டயர் மாட்டியதும் அவர் யோசனைதான். கைப்பம்பால் அடித்தால் டயர் ரிம்மில் உட்காரவே இல்லை. ஒரே மூச்சில் காற்று போக வேண்டும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த லாரி பஞ்சர் கடைக்குப் போனோம். கம்ப்ரசரைத் திறந்ததும் டப் டப் என்று இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்த சத்தத்துக்கு டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். பஞ்சர் கடை பாய், நீங்கள் காசு வாங்கவில்லை. அந்த டயர் இமாசலத்தில் ஒரு தடவைகூட என்னை உட்கார வைக்கவில்லை.

அண்ணன் கடைசியாக ஹேண்டிலில் ஒரு சாதாரண மணியை முடுக்கிவிட்டார். பந்தய சைக்கிளில் மணியா என்று புறப்படும் இடத்தில் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். குலுவின் ஓர் இறக்கத்தில், ஆள் உயரப் புல்கட்டைச் சுமந்து எதிரே வந்த அம்மாவுக்கு "சைட், சைட்" என்று முன்னால் போனவர்கள் கத்திக்கொண்டே போனார்கள். நான் மணியடித்து, இறங்கி, பள்ளத்துப் பக்கம் நின்றேன். ஒரு நிமிடம் போயிருக்கும். அவர் தாண்டும்போது இந்தியில் என்னமோ சொன்னார், புரியவில்லை, திட்டு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா, இரத்தப் பரிசோதனை எடுக்காமல் போகக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தீர்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். எனக்கு அதற்கும் கீழே. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். இரத்தமும் அப்படியே குறைவாக இருந்திருந்தால் பாதி ஏற்றத்திலேயே நின்றிருப்பேன். அந்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் படுத்திய பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், குறைத்துக் கலந்தால் சக்தி கூடாது என்று நீங்கள் சொன்னதை அங்கே இரண்டு பேருக்கு நானும் சொன்னேன்.

அம்மாவுக்கு எழுதினால் இந்த மடல் முடியாது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும் என்ற கணக்குக்கு, பந்தயக்காரர்கள் சாப்பிடும் விலை உயர்ந்த ஜெல்லுக்குப் பதிலாகக் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் புளிசாத உருண்டையும் என்று பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். புளிசாதம் மூன்றாவது நாளே தீர்ந்தது, பக்கத்துக் கூடாரங்களின் உபயம்.

பிடி சார், ஹாஜர் விஷயத்தில் நீங்கள் முதல்வரிடம் போய் நின்றதற்கு நன்றி. 2023இல் கேரளத்துப் பொன்முடியில் நடந்த ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனதற்கும். பக்கத்து மாநிலத்துத் தேயிலைச் சரிவில், நம் ஊர் மாதிரியே மண்ணில், ஆசியா முழுக்க இருந்து வந்தவர்கள் ஓட்டியதைப் பார்த்த பிறகுதான் இது வெளிநாட்டுக்காரர்கள் சங்கதி இல்லை என்று வீட்டில் பேச எனக்குத் தைரியம் வந்தது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு சைக்கிளைக் கடைசி சீட்டில் சாத்த விட்ட கண்டக்டர் அண்ணன்களுக்கும் ஒரு கும்பிடு. நம் ஊட்டி ரயிலுக்கு அக்காள் தங்கை மாதிரி கல்காவிலிருந்து ஷிம்லாவுக்கு ஒரு சின்ன ரயில் இருக்கிறது, அதில் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. சைக்கிள் பெட்டியோடு அது நடக்கவில்லை, பஸ்தான்.

இனி பந்தயத்தின் ஜலோரி கணவாய். சட்லெஜ் கரையில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாலை, ஆனி, கனாக் என்று ஏறி, கணவாயில் 3,120 மீட்டரைத் தொடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுவது சுமார் 1,450 மீட்டர், 33 கிலோமீட்டர். அதை ஓட்டி ஓட்டித்தான் கால் பழகியது. நான் பிறந்ததே 1,800 மீட்டரில் என்று அங்கே கொஞ்சம் பெருமையும் அடித்துவைத்திருந்தேன். கடைசிக் கிலோமீட்டர்களில் பெருமை தீர்ந்துபோய், ஈரக் கல்லில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மழை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கைப் பிடித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். பிரேக்கில் டிஸ்க்கைக் கவ்வும் ரெசின் பேட் சேற்றில் கரைந்துவிட்டது. மறுபக்கம் ஷோஜாவுக்கு இறங்கும் சரிவோ, ஜீப்பே முதல் கியரில் ஊர்ந்து இறங்குகிற சரிவு.

பெயர் கேட்கக்கூட அவகாசம் தராத ராணுவ அணி அண்ணா, உங்கள் சைக்கிளும் சங்கிலி அறுந்து அங்கே நின்றிருந்தது. உங்கள் நேரமும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு ஜோடி மெட்டல் பேடை எடுத்து என் கையில் திணித்துவிட்டு மறுபடி சங்கிலிக்குக் குனிந்தீர்கள். விரல் விறைத்துப்போய் என்னால் பின்னைக் கழற்ற முடியாததைப் பார்த்துவிட்டு, அதையும் நீங்களே வந்து செய்தீர்கள்.

கணவாய் உச்சியில் தாபா நடத்தும் அம்மாவுக்கு இது போய்ச் சேராது. ஆனாலும் சொல்கிறேன். டீ கொடுத்தார், என் உதட்டைப் பார்த்தார், பழைய இந்தி செய்தித்தாளை நாலாக மடித்து என் ஜெர்ஸிக்குள் நெஞ்சோடு செருகிவிட்டார். இறக்கத்துக் குளிர்காற்றை அது தடுத்தது. அழகான தந்திரம், பழைய காலத்து ஐரோப்பிய சைக்கிள் வீரர்களும் இதையேதான் செய்வார்களாம்.

சில கணக்குகள் மிச்சம். கோவை அக்காவின் ஸ்லீப்பிங் பேக் துவைத்துக் காய்ந்துவிட்டது, சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். மேஸ்திரி அண்ணன் கேட்ட பழைய டயர் இரண்டும் கோயில் பக்கத்து ஷெட்டில் இருக்கின்றன. கடை அண்ணனுக்கு அந்தத் தேய்ந்த பேடை எடுத்துவந்திருக்கிறேன், பார்க்க ஆசைப்படுவார். வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டதால் மண் காயும்வரை எனக்குத் தார் ரோடுதான். கீழ் டிவிஷன் பாதையில் வடிகால் அடைத்து மண் சரிகிறது என்று சித்தி சொன்னார். ஞாயிறு காலை மண்வெட்டியோடு வருகிறேன். இன்னும் நாலு பேர் வந்தால் மதியத்துக்குள் திறந்துவிடலாம். தம்பிகளா, ஃபிளெக்ஸ் கட்டிய கையோடு நீங்களும் வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் லைன் பிள்ளை