டாரன்டுலா மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியான டாரன்டுலாவின் வளர்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தொட்டி, இரை எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டு, தோலுரிப்பை ஒரே வரியில் கடந்துவிட்டது. புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

சிலந்தி கால்களை விரித்து மல்லாந்து கிடந்தால் பெரும்பாலும் அது தோலுரிக்கத் தயாராகிறது என்று பொருள். செத்துவிட்டதென்று எடுத்துப் போடுவதும், உதவுவதாக நினைத்துத் திருப்பிப் போடுவதும்தான் அதைக் கொன்றுவிடுகின்றன. வளர்ந்த சிலந்திக்குப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை தொட்டியை நகர்த்தக்கூடக் கூடாது.

சாகும் நிலையில் உள்ளது பெரும்பாலும் நிமிர்ந்தே இருக்கும். எட்டுக் கால்களும் உடலுக்கு அடியில் சுருண்டிருக்கும். காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடல் திரவத்தின் அழுத்தம்தான் நீட்டுகிறது. நீர் வற்றினால் கால் சுருண்டுவிடும். ஆழமில்லாத தண்ணீரில் வாய்ப்பகுதி மட்டும் நனையும்படி வைத்தால் சில நேரம் பிழைக்கும். மூச்சுவிடும் உறுப்பு வயிற்றின் அடியில் இருப்பதால் வயிறு மூழ்கக் கூடாது.

தோலுரிக்கும் முன் வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில்கூட, இரை எடுக்காது. வயிற்றில் ரோமம் உதிர்ந்த இடம் கருக்கும். அப்போது உயிருள்ள சுவர்க்கோழியை உள்ளே விட்டுவைத்தால், தோலுரித்து மெத்தென்று கிடக்கும் சிலந்தியை அது கடித்துக் குதறிவிடும். உரித்த பின் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கடைசியில் கருக்கும். கருத்த பிறகே இரை. பெரிய சிலந்திக்கு 10 முதல் 14 நாள் பொறுக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், அதில் ஸ்பாஞ்ச் வேண்டாம், அழுக்கும் கிருமியும்தான் சேரும்.

கட்டுரைப் படத்தில் இருந்த உயரமான தொட்டியும் கம்பிவலை மூடியும் தரையில் வாழும் இனங்களுக்கு ஆபத்து. கால் நகம் வலையில் மாட்டினால் சிலந்தி தொங்கிக் காலை இழக்கும். விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம். தேங்காய் நார்த்தூளை நன்றாக நிரப்பி, மண்மட்டத்திலிருந்து மூடி வரையிலான உயரம் சிலந்தியின் கால்விரிப்பை (விரித்த கால்களின் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனி வரையிலான நீளம்) போல ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளையிட்ட அக்ரிலிக் மூடி போதும்.

மல்லாந்து தோலுரிக்கும் சிலந்தியின் படத்தையும் கால் சுருண்ட சிலந்தியின் படத்தையும் அடுத்த இதழில் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்