விளக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது?

வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும், கட்டுரைகளை மதிப்பிடுவோருக்கும்,

வணக்கம்.

லாக்டோன்களோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. ஒரே மூலக்கூறின் அமில முனையும் ஆல்கஹால் முனையும் கைகோத்து வளையமாகிவிட்ட எஸ்டர்தான் லாக்டோன். பீச் பழ வாசனை தரும் காமா-டெக்காலாக்டோனும் இந்தக் குடும்பம், எரித்ரோமைசினுக்குள் இருக்கும் 14 அணு வளையமும் இந்தக் குடும்பம். இவற்றை ஒளியால், வினையூக்கியால், நொதியால் செய்யும் வழிகள் உங்கள் இதழ்களில் வந்தபடியே இருக்கின்றன. படிக்கும்போது ஆசையாக இருக்கிறது. செய்து பார்க்க இறங்கினால்தான் வம்பு, செய்முறையில் தேவையான விவரம் இருப்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யார் கட்டுரை, எந்த இதழ் என்பதெல்லாம் வேண்டாம். ஓர் ஆல்கஹாலையும் மெத்தில் அக்ரிலேட்டையும் ஒளிவினையூக்கியோடு கலந்து நீல வெளிச்சத்தில் வைத்தால் ஐந்தணு வளைய லாக்டோன் வரும். செய்முறையில் வெளிச்சத்தைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: நீல எல்இடி, 24 மணி நேரம், அறை வெப்பநிலை. அப்படியே செய்தோம். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையை எடுத்துப் பார்த்தால் 3.7 பிபிஎம் (அதன் அளவுகோலின் அலகு) பக்கத்தில், அக்ரிலேட்டோடு வந்த மெத்தாக்சித் தொகுதியின் ஒற்றைக் கோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது. வளையம் மூடியிருந்தால் அது மெத்தனாலாகக் கழன்று போயிருக்க வேண்டும். கார்பனும் கார்பனும் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டன, வளையம்தான் மூடவில்லை.

வினையூக்கியைச் சந்தேகப்பட்டோம். கரைப்பானைச் சந்தேகப்பட்டோம். ஆக்சிஜன் புகுந்துவிட்டதோ என்று குழாயின் மூடியைக்கூட மாற்றினோம். கடைசியில் கட்டுரையாளருக்கே எழுதிக் கேட்டோம். நல்ல மனிதர், மறுநாளே பதில் போட்டார். அவர்கள் விசிறி வைக்கவில்லையாம், குழாய் விளக்கை ஒட்டியே இருந்ததாம். எங்கள் விசிறியோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. பாதி வேலையை ஒளி செய்ய, மீதியை விளக்கின் சூடு சத்தமில்லாமல் முடித்திருக்கிறது. "அறை வெப்பநிலை" என்றால் அறைக்குத்தான், குழாய்க்கு இல்லை! நாங்கள் அப்புறம் ஒரு துளி அமிலம் விட்டு வளையத்தை மூடிக்கொண்டோம். அந்த இரண்டு மாதம் போனது போனதுதான்.

இது அவருடைய குற்றம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு சேர்மத்துக்கும் என்எம்ஆர் படம் கேட்டு வாங்கி, கட்டுரையின் பின்னிணைப்பை நூறு பக்கத்துக்கு நீட்டுகிறீர்கள். வினையை நடத்திய ஒளிக்கு மட்டும் ஒரே வரி. புள்ளி போன்ற சிறு விளக்கென்றால் தூரம் இரட்டித்ததும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். நிறம் அடர்ந்த வினையூக்கிக் கரைசலில் ஒளி முதல் சில மில்லிமீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் குழாயின் அகலமும் ஒரு வினைப்பொருள் மாதிரிதான். குழாய்க்குள் எத்தனை ஃபோட்டான் போகிறது என்று அளக்க பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட் முறையை ஹேட்சர்டும் பார்க்கரும் 1956இலேயே தந்துவிட்டார்கள். ஒரு மதிய வேளைக்குள் முடிகிற வேலை.

இத்தாலியின் போலோன்யாவில் வேதியியலாளர் சியாமிசியன் மாடியில் குடுவைகளை வெயிலில் வைத்து ஒளிவேதியியல் செய்தார். ஒளியால் இயங்கும் தொழில்துறையைப் பற்றி 1912இல் கனவும் கண்டார். அவர் விளக்கைப் பற்றி விவரம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் சூரியன் ஒன்றுதான்.

நொதிக் கட்டுரைகளுக்கு வருகிறேன். கீட்டோனிலிருந்து லாக்டோனுக்குப் போகும் பழைய ராஜபாட்டை, பேயரும் வில்லிகரும் 1899இல் போட்டது. இன்றும் பலர் மெட்டா-குளோரோபெர்பென்சாயிக் அமிலம் என்ற ஆக்சிஜனேற்றியை எடுத்துக்கொண்டு அதே பாதையில்தான் போகிறோம். சைக்ளோஹெக்சனோனைக் கேப்ரோலாக்டோன் ஆக்கும்போது, எல்லாம் முழுதாக நடந்தாலும், போட்ட எடையில் 42 சதவீதம்தான் பொருளாகும், மீதி கழிவு அமிலம். ஹைட்ரஜன் பெராக்சைடால் செய்தால் இது 86 சதவீதம், கழிவு வெறும் நீர். வெள்ளீயம் பொதிந்த பீட்டா சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிம வினையூக்கி) அதைச் செய்யும் என்று கோர்மா குழுவினர் 2001இல் காட்டினார்கள். சைக்ளோஹெக்சனோன் மோனோஆக்சிஜனேஸ் நொதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து, ஓர் அணுவை வளையத்துக்குள் செருகி, மற்றதை நீராக்கிவிடுகிறது. அழகான வேலை, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் "10 மில்லிகிராம் நொதி" என்று எழுதினால் நான் என்ன செய்வது? தூய்மைப்படுத்தியதா, செல்லை உடைத்த சாறா? நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் மாற்றும்? இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று ஸ்ட்ரெண்டா வழிகாட்டி இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. "நீரில் நடக்கும் பசுமை வினை" என்ற தலைப்புக்குப் பின்னால் மூன்று முறை எத்தில் அசிடேட்டால் பிரித்தெடுத்திருப்பார்கள். பிரிபுனலைக் குலுக்கினால் புரதம் மோர் மாதிரி நடுவில் திரண்டு நிற்கும், இரண்டு அடுக்கும் பிரியவே பிரியாது. அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. காமா-பியூட்டிரோலாக்டோன் போன்ற சிறிய லாக்டோன்கள் நீரோடு முழுக்கக் கலக்கும், வெளியே எடுப்பதே பாடு. குடுவைக்குள் இருப்பதாகக் கருவி சொல்லும் விளைச்சல் வேறு, கையில் எடுத்து நிறுத்துப் பார்த்த விளைச்சல் வேறு. அட்டவணையில் இருப்பது எது என்றாவது கேளுங்கள்.

2016இல் ஹைஸ்டர் குழுவினர் ஒளியையும் நொதியையும் சேர்த்தே வைத்தார்கள். கீட்டோனை ஒடுக்கும் நொதி, ஒளி பட்டதும் ஹாலோலாக்டோனிலிருந்து (ஹாலஜன் ஏறிய லாக்டோன்) ஹாலஜனைக் கழற்றி, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை வலக்கை வடிவங்களில் ஒன்றையே மிகுதியாகத் தந்தது. இந்தத் திசையில் இன்னும் நிறைய வரப்போகிறது. அப்போது விளக்கின் குழப்பமும் நொதியின் குழப்பமும் ஒரே குழாய்க்குள் சேரும்.

ஆர்கானிக் சிந்தசீஸ் என்ற செய்முறைத் தொகுப்பு 1921 முதல் வருகிறது. ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வகத்தில் செய்து பார்த்த பிறகே அதில் செய்முறை அச்சேறும். உங்களால் அது முடியாது, தெரியும். நான் கேட்பது அவ்வளவு இல்லை. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த அமைப்பின் ஒரு புகைப்படம், விளக்கின் அலைநீளமும் வாட்டும், வினை ஓடும்போது குழாய்க்குள்ளே அளந்த வெப்பநிலை, நொதியின் செயல்திறன். அடுத்த கட்டுரையை ஏற்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். விசிறி ஓடியதா என்பதையும்.

இப்படிக்கு,
வளையம் மூடக் காத்திருந்த ஒருவன்