மறிகளுக்கு இன்னும் கொஞ்ச காலம் கொடு, தம்பி

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

சேலத்திலிருந்து அக்கா எழுதுகிறேன். போன ஞாயிறு மேச்சேரிக்கு வந்தபோது பட்டியில் அந்த ஏழு மறிகளை, அந்த இளம் பெட்டை ஆடுகளைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. எட்டு மாசம்கூட நிறையவில்லை, அதற்குள் கிடாவை உள்ளே விட்டிருக்கிறாய். "பருவத்துக்கு வந்துடுச்சுக்கா, சும்மா எதுக்கு நிறுத்தி வைக்கணும்" என்றாய். அம்மா முன்னால் உன்னிடம் மல்லுக்கு நிற்க வேண்டாமென்று பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த மறி போனதே, ஞாபகமிருக்கிறதா? ராத்திரி முழுக்க முக்கியது. குட்டியின் முன்னங்கால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. தலை உள்ளேயே மாட்டிக்கொண்டது. டாக்டர் வருவதற்குள் தாயும் போச்சு, குட்டியும் போச்சு. டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். விடிந்ததும் மடியைத் தொட்டுப் பார்த்தேன், சீம்பால் கட்டி நின்றது. அதற்கு ஒரு நோயும் இல்லை. நம் அவசரம்தான் அதைக் கொன்றது.

இந்த வாரம் வகுப்புக்காக சீல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கடல்நாய் என்போமே, அதுதான். படிக்கப் படிக்க உன் பட்டிதான் கண்முன் வந்தது.

அண்டார்டிகாவில் எரெபஸ் விரிகுடா என்று ஓர் இடம். அங்கே 1960-களின் கடைசியிலிருந்து வெட்டல் (Weddell) என்ற வகை சீல் குட்டிகளின் பின்துடுப்பில், நாம் ஆட்டுக்குக் காதுவில்லை போடுகிற மாதிரி, எண் போட்டு ஆயுள் முழுக்கக் கணக்கு வைக்கிறார்கள். அந்த சீல் தலையீத்துக்கு வர பெரும்பாலும் ஏழு வயது ஆகிவிடுகிறது. அத்தனை பொறுத்து வந்தும் ஒரு வருஷம் ஈன்றால் அடுத்த வருஷம் ஈனும் வாய்ப்பு குறைகிறது. ஒரு ஈத்து உடம்பிலிருந்து அவ்வளவு எடுத்துக்கொள்கிறது.

கலிபோர்னியாக் கடற்கரையில் யானை சீல் இருக்கிறது. அது மூன்று, நான்கு வயதிலேயே ஈனத் தொடங்கும். குட்டி போட்டு ஏறக்குறைய 28 நாள், தாய் கடலுக்குள் இறங்காது, ஒரு வாய் இரை தின்னாது. தன் கொழுப்பையெல்லாம் பாலாக்கிக் கொடுத்து, உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோகும். மூன்று வயதில் அதுவே வளர்ந்து முடிக்காத உடம்பு. அப்படி மூன்று வயதில் ஈன்றவை, நான்கு வயது வரை பொறுத்தவற்றைவிட அதிகமாகச் செத்துப்போனதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டத்தில் பெரிய தாய்கள் இளம் தாய்களை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால், அவற்றின் குட்டிகளும் அதிகம் தப்புவதில்லை.

பின்னே ஏன் சீக்கிரம் ஈனுகிறது என்று நீ கேட்பாய். நானும் அந்த இடத்தில்தான் நின்று யோசித்தேன். அங்கே பெண் குட்டிகளில் பெரும்பாலானவை ஈனும் வயதைத் தொடுவதற்குள்ளேயே செத்துவிடுகின்றன. சுறா இருக்கிறது, இரை கிடைக்காத வருஷம் இருக்கிறது. அடுத்த வருஷம் உயிரோடு இருப்போமா என்பதே தெரியாத ஒரு உயிர், இந்த வருஷமே ஈன்றுவிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் பத்துக்கு மேல் குட்டி போட்டு வம்சத்தைப் பெருக்குவது நீண்ட காலம் உயிரோடு இருக்கும் ஒரு சில தாய்கள்தான்.

உன் மறிகளுக்கு அந்த நெருக்கடி எங்கே இருக்கிறது, சொல்லு? சுறா இல்லை. தண்ணீர் வைக்க நீ இருக்கிறாய், வெயில் காலத்தில் வேலாங்காய் உலுக்கிப் போட அப்பா இருக்கிறார். அடுத்த வருஷமும் அவை உன் பட்டியில்தான் நிற்கப்போகின்றன. அவசரமெல்லாம் உனக்குத்தான். லோன் கட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இந்த மாசத் தவணைக்கு நான் தருகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் இன்றைக்கே கிடாவைப் பிரித்துத் தனியாகக் கட்டு. நன்றாக வளர்ந்த தாயாட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வரட்டும், அதற்கப்புறம் சேர்க்கலாம். ஏற்கெனவே எதுவும் சினைப்பிடித்திருந்தால் அதைத் தனியாக நிறுத்தித் தீவனம் கூட்டிப் போடு, ஈனும் ராத்திரி எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் வருகிறேன். சனிக்கிழமை தொங்கு தராசோடு வருகிறேன். ஏழு மறிகளையும் நிறுத்துப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா