பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

என் அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேத்திக்கு இரண்டாம் முறையும் சலத்தில், அதுதான் சிறுநீரில், கிருமி, மூன்று நாள் குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்தாள் என்று வாசித்ததும் மனம் பதறிப் போனது. இப்போது எழும்பி விளையாடுகிறாள் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுதியிருக்கக் கூடாதா?

கிட்னி ஸ்கான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து உனக்கு நித்திரை இல்லை என்கிறாய். இரண்டரை வயதுப் பிள்ளையின் உடம்பில் கதிர் பட்டால் பிற்காலத்தில் ஏதும் வருமோ என்று கேட்டிருக்கிறாய். அந்த ஸ்கானில் கதிர் கிடையாது. அது அல்ட்ராசவுண்ட் ஸ்கான், சத்தத்தால் பார்ப்பது. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் உள்ளே குனிந்து கூப்பிடுவோமே, குரல் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும், நினைவிருக்கிறதா? அதே வேலைதான். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவி பல மில்லியன் அதிர்வில் சத்தத்தை அனுப்பி, உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துப் படம் போடுகிறது. பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது, ஒன்றும் சுடாது.

வயிற்றில் ஜெல் பூசுவார்கள். கருவிக்கும் தோலுக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் சத்தம் உள்ளே போகாது, அதற்குத்தான் அது. குளிர்ந்த ஜெல் பட்டதும் பிள்ளைகள் வயிற்றை எக்கிக்கொண்டு வீரிட்டு அழும். அதைக் கொஞ்சம் சூடாக்கிப் பூசச் சொல்லிக் கேள், கேட்பதில் தவறில்லை. ஸ்கானுக்குப் போகுமுன் தண்ணீரோ பாலோ நன்றாகக் குடிக்கக் கொடு. சலப்பை நிறைந்திருந்தால் திரையில் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம் தெரியும். உள்ளே இருக்கும் சலத்துக்குள் சத்தம் தடையில்லாமல் போய்விடும், நடுவிலிருந்து எதிரொலி வராது, ஆகவே கறுப்பு. அதன் பின்னால் சிறுநீர்க்குழாய் வீங்கியிருக்கிறதா, மேலே கிட்னி இரண்டும் ஒரே அளவாக வளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு சலம் போகவிட்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது. சலப்பை முட்ட நிறைந்திருந்தாலே மேலே கொஞ்சம் விரிந்த மாதிரித் தெரியும். போன பிறகும் விரிவு அப்படியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நான் இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். 31 வருடம் எக்ஸ்ரே பகுதியில் வேலை செய்தவள் நான். சலம் சலப்பையிலிருந்து கிட்னிக்குத் திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் எங்களிடம் எக்ஸ்ரே மட்டும்தான் இருந்தது. சலம் போகும் வழியால் கதீற்றர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்துத் தண்ணீரால் சலப்பையை நிரப்புவோம். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் எத்தனை மில்லிலீற்றர் என்று வரும். உன் பேத்தி வயதில் ஒரு சின்னக் கோப்பைத் தேத்தண்ணி அளவு. பிறகு அந்தப் பிள்ளை மேசையில் படுத்தபடியே சலம் போகவேண்டும், அந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டும். சுற்றிவர ஈயக் கவசம் போட்ட முகம் தெரியாத பெரியவர்கள். எந்தப் பிள்ளைக்குப் போகும், சொல்லு? காத்திருப்போம். பார்க்கும் ஒவ்வொரு நொடியும் கதிர் என்பதால், டொக்டர் எக்ஸ்ரேயை இயக்கும் கால்மிதியை அழுத்துவதும் விடுவதுமாக இருப்பார். சலம் மேலே ஏறுவது விடாமல் நடப்பதில்லை, ஏறும், நிற்கும். மிதியை விட்ட நேரத்தில் ஏறினால் படத்தில் விழாது. பெண்பிள்ளைகளின் சூற்பை அந்த இடத்திலேயே இருக்கிறது, ஈயத்தால் மறைத்தால் சலப்பையும் மறைந்துவிடும்.

ஒரு நாலு வயதுப் பையனை இன்னும் மறக்க முடியவில்லை. தாய் வயிற்றுப்பிள்ளைக்காரி, உள்ளே விட முடியாது. அவன் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சத்தம் போட்டு அழவில்லை. அந்தக் கண்கள் இப்போதும் வரும்.

ஆகவே இதைக் கேள், உனக்குச் சொல்லவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சோதனையையே இப்போது ஸ்கானிலும் செய்கிறார்கள். கதீற்றர் வழியாக மிக நுண்ணிய வாயுக் குமிழிகள் கலந்த திரவத்தைச் சலப்பைக்குள் விடுவார்கள். ஒரு குமிழி சராசரியாக 2.5 மைக்ரோமீற்றர், இரத்தத்தின் சிவப்பணுவை விடவும் சிறியது. குமிழி சத்தத்தைப் பலமாகத் திருப்பி அனுப்பும். கறுப்பாக இருந்த சலப்பை பளிச்சென்று வெளுக்கும். அந்த வெள்ளை குழாய் வழியே கிட்னிக்கு ஏறினால் கண்ணெதிரே தெரியும். கதிர் இல்லாததால் அவசரம் இல்லை, விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம், இரண்டாம் முறையும் நிரப்பிப் பார்க்கலாம். தாய் கர்ப்பமாக இருந்தாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கலாம்! அமெரிக்காவில் இந்தக் குமிழி மருந்தைப் பிள்ளைகளின் சலப்பைச் சோதனைக்கு 2016 டிசம்பரில் அனுமதித்தார்கள், ஐரோப்பாவில் 2017இல். நம் நாட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இது வழக்கமாக வேண்டும். பழகிய டொக்டர்களைக் கண்டால் நான் இதைத்தான் கேட்கிறேன். கதீற்றரின் எரிச்சல் மட்டும் இதிலும் உண்டு, அதை உனக்கு மறைக்க மாட்டேன்.

இப்போது உன் பேத்திக்குச் சொல்லியிருப்பது வெறும் ஸ்கான், கதீற்றர் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் சலம் மேலே ஏறவில்லை என்று அர்த்தமில்லை. அது சாதாரண ஸ்கானில் தப்பிவிடலாம். கிட்னியில் விழுந்த சின்ன வடுக்களும் தப்பலாம். இரண்டு தடவை கிருமி வந்த பிள்ளை என்பதால் டொக்டர் வேறு சோதனையும் கேட்கக்கூடும். அது எக்ஸ்ரேயாக இருந்தால் பயந்து மறுத்துவிடாதே. இன்றைய கருவிகளில் கதிர் எங்கள் காலத்தை விட எவ்வளவோ குறைவு. கவனிக்காமல் விட்ட கிருமி கிட்னியில் போடும் வடு மாறாது. குமிழி முறையில் செய்ய வசதி உண்டா என்று மட்டும் கேட்டுப் பார். சலம் ஏறுவதில் ஐந்து படி உண்டு. முதல் படிகளில் இருப்பது பிள்ளை வளர வளரப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இதையும் மருமகளுக்குச் சொல், அவள் உன்னை விடப் பயந்திருப்பாள்.

ஸ்கானைப் பொரளைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் எடுப்பதென்றால் எங்கள் வீட்டிலேயே வந்து நில்லுங்கள். முந்தின நாளே வந்துவிட்டால் பிள்ளை களைக்காமல் இருக்கும். நானும் கூட வருகிறேன், அறைக்கு வெளியே இருந்தாலும் பரவாயில்லை. பழைய துண்டு ஒன்றும் மாற்றுச் சட்டையும் எடுத்து வை, ஜெல் எப்படியும் உடுப்பில் படும். அவளுக்குப் பிடித்த போத்தலையே கொண்டு வா, புதுப் போத்தலில் குடிக்கமாட்டாள் என்று போன முறை சொன்னாய். எந்த ரயில் என்று சொன்னால் மகன் கோட்டை ஸ்டேசனுக்கு வருவான்.

உன் சிநேகிதி